கீழ கடவாப்பல்லு எடுத்தாச்சு, அம்மாவுக்கு பிரிட்ஜ் போடலாமா இம்பிளான்ட் போடலாமா?

அருப்புக்கோட்டை பையன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 57 வயசு, ஊர்ல இருக்காங்க, நான் சென்னைல வேல பாக்குறேன். போன வருஷம் வலது பக்கம் கீழ பெரிய கடவாப்பல்லு ஒண்ணு (சீட்டுல 46னு எழுதிருக்கு) வேர் வரைக்கும் விரிசல் விட்டுருச்சுன்னு எடுத்துட்டாங்க. அப்பவே வேற பல்லு கட்டிக்கோங்கம்மான்னு டாக்டர் சொன்னாராம், அம்மா வலி போனதே போதும்னு இருந்துட்டாங்க. இப்ப எல்லாத்தையும் இடது பக்கமே போட்டு மெல்லுறாங்க, அந்தப் பக்கமும் கூச ஆரம்பிச்சிருச்சு. முறுக்கு, கடல மிட்டாய் எல்லாம் விட்டாச்சு, கோழிக்கறி வச்சாகூட நல்லா வெந்த துண்டா பாத்து பொறுக்கி எடுக்குறாங்க, பாக்கவே கஷ்டமா இருக்கு.

ஊர்ல காட்டுன டாக்டர் முன்னாடி பல்லு பின்னாடி பல்லு ரெண்டையும் ராவி மூணு பல்லு பிரிட்ஜ் போட்டுரலாம்னு சொல்றார். மெட்டல் செராமிக்னா 13,500, ஜிர்கோனியான்னா 27,000. மதுரைல இன்னொரு டாக்டர்ட்ட காட்டுனோம், அவங்க நல்ல பல்ல ராவ வேணாம், எலும்புல ஸ்க்ரூ வச்சு அதுமேல பல்லு கட்டுற இம்பிளான்ட்தான் சரி, கேப்போட சேத்து 38,000ன்னு சொல்றாங்க. சித்தி கழட்டி மாட்டுற செட்டு வச்சிருக்காங்க, அது பாதி நாள் டம்ளர்லதான் கெடக்கு, அதனால அம்மாவுக்கு அதுல நம்பிக்கை இல்ல.

முன்னாடி பல்லு (45) சொத்தையே இல்லாத பல்லு. பின்னாடி பல்லுல (47) நாலஞ்சு வருஷம் முன்னாடி ரூட் கெனால் பண்ணிருக்கு, கேப் போடல, லேசா முன்பக்கமா சாஞ்சிருக்குன்னு சொல்றாங்க. அம்மாவுக்கு சுகர் இருக்கு, மூணு மாச ஆவரேஜ் 7.4, பிபி மாத்திர போடுறாங்க. பக்கத்து வீட்டம்மா வேற பல்ல ராவுனா நரம்பு தளர்ந்துரும்னு சொல்லி பயமுறுத்தி வச்சிருக்காங்க. ரெண்டு டாக்டரும் ரெண்டு மாதிரி சொல்றப்போ எத நம்புறதுன்னு தெரியல, விஷயம் தெரிஞ்சவங்க இல்ல போட்டு அனுபவப்பட்டவங்க சொல்லுங்க ப்ளீஸ்.


கட்டுப்பல் டாக்டர் எழுதியது:

தம்பி, நான் செயற்கைப்பல் பிரிவுல எம்டிஎஸ் படிச்சவன், இதே கேள்வி எங்கிட்ட அடிக்கடி வரும், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுமையா படிங்க. மொதல்ல ரேட்ட ஓரமா வைங்க. போன பல்லுக்கு முன்னாடி நிக்கிற 45ம் பின்னாடி நிக்கிற 47ம் என்ன நெலமைல இருக்குங்கறதுதான் முடிவ சொல்லும்.

பிரிட்ஜ்ங்கறது மூணு கேப்பும் ஒட்டி ஒரே துண்டா வர்றது. ரெண்டு ஓரத்து கேப்பும் ராவுன பல்லு மேல உக்காந்து சிமென்ட் பண்ணி ஒட்டிரும், நடுவுல இருக்குறதுக்கு கீழ பல்லு கிடையாது, ஈறு மேல லேசா தொட்டுக்கிட்டு நிக்கும். அதாவது அம்மா வலது பக்கம் கடிக்கிற மொத்த பாரத்தையும் இனிமே 45ம் 47ம் தான் சுமக்கணும். சுமக்குமான்னு பாக்க எங்களுக்கு ஒரு பழைய கணக்கு இருக்கு, 1926ல ஆன்டேன்னு ஒருத்தர் சொன்னது, தாங்குற பல்லுங்களோட வேர் பரப்பு போன பல்லோட வேர் பரப்புக்கு சமமாவோ அதிகமாவோ இருக்கணும். கீழ் முதல் கடவாப்பல்லுக்கு சுமார் 430 சதுர மில்லிமீட்டர், 47க்கு கிட்டத்தட்ட அதே அளவு, 45க்கு சுமார் 200. ரெண்டும் சேந்தா 600க்கு மேல வருது, அதனால ஒத்த பல்லு இடைவெளிக்கு தாராளமா தாங்கும். ரெண்டு மூணு பல்லு சேந்தாப்புல போனவங்களுக்குத்தான் இந்த கணக்கு இடிக்கும். ஆனா இது எலும்பு நல்லா இருக்குற பல்லுக்கு போடுற கணக்கு, ஈறு நோய் வந்து பாதி எலும்பு கரைஞ்ச பல்லுக்கு செல்லாது, சுகர் இருக்குறவங்களுக்கு அத கண்டிப்பா எக்ஸ்ரேல பாக்கணும்.

இப்ப ராவுற விஷயம். கேப்புக்கு எடம் வேணும்ல, அதனால பல்ல சுத்தி ஒண்ணு ஒண்ணரை மில்லிமீட்டர், மேல கடிக்கிற பக்கம் மெட்டீரியல பொறுத்து ஒண்ணுல இருந்து ரெண்டு மில்லிமீட்டர் வரைக்கும் எடுப்போம். எனாமல் திரும்ப வளராது. உடம்பு நரம்பு தளர்றதுங்கறது சுத்தமா கிடையாது, அம்மாட்ட தைரியமா சொல்லுங்க (மேல் பல்ல எடுத்தா கண்ணு தெரியாம போயிரும்னு பயந்து வருஷக்கணக்கா சீழோட இருக்குறவங்கள இன்னமும் பாக்குறேன், அதுவும் பொய்தான், பல்லோட நரம்புக்கும் பார்வைக்கும் சம்பந்தமே இல்ல). ஆனா ராவுன பல்லுக்குள்ள இருக்குற நரம்பு பின்னாடி செத்துப்போக வாய்ப்பு உண்டு, பத்து வருஷத்துல பத்து பல்லுக்கு ஒண்ணுன்னு வச்சுக்கோங்க. அப்படி ஆனா கேப்புல ஓட்ட போட்டு ரூட் கெனால் பண்ணணும். 47க்கு ஏற்கனவே ரூட் கெனால் ஆயிருச்சு, அங்க அந்த பயம் இல்ல. 45க்குத்தான்.

உங்க ரெண்டு டாக்டரும் தப்பா சொல்லல. ஆனா நீங்க ரேட்ட ஒப்பிடுறதுல ஒரு விஷயம் விட்டுப்போச்சு. ரூட் கெனால் பண்ண கடவாப்பல்லு கேப் இல்லாம இத்தன வருஷம் ஒடையாம நின்னதே பெருசு. இம்பிளான்ட் போட்டாலும் 47க்கு தனியா ஒரு கேப் போட்டே ஆகணும், அது 38,000ல சேராது. பிரிட்ஜ்னா அந்த கேப் பிரிட்ஜுக்குள்ளயே வந்துருது. அதையும் கூட்டி பாருங்க, வித்தியாசம் இன்னும் பெருசாகும்.

எது நாள்பட நிக்கும்னு கேட்டா, நூறு பேருக்கு பிரிட்ஜ் போட்டா பத்து வருஷம் கழிச்சு ஏறக்குறைய 90 பேருக்கு வாயில இருக்கும், ஒத்த இம்பிளான்ட் மேல போடுற கேப்புக்கும் கிட்டத்தட்ட அதே கணக்குதான் ஆராய்ச்சிகள்ல வருது. இம்பிளான்ட்னா சாகுற வரைக்கும், பிரிட்ஜ்னா அஞ்சு வருஷம்னு யாராவது சொன்னா ஏத்துக்காதீங்க. வித்தியாசம் தோக்குறப்பதான் தெரியும். பிரிட்ஜ் தோத்துச்சுன்னா பெரும்பாலும் கேப்புக்கு அடியில சொத்தை வந்து தாங்குற பல்லும் சேந்து போகும், ஒரு பல்லு இல்லாதவங்க மூணு பல்லு இல்லாதவங்களா ஆயிடுவாங்க. இம்பிளான்ட் தோத்தா அது மட்டும்தான் போகும், பக்கத்து பல்லு அப்படியே நிக்கும்.

அதனால என் அபிப்பிராயம் இது. 45 நெஜமாவே தொடாத பல்லுன்னா, அம்மாவுக்கு எலும்பும் போதுமான அளவு இருந்தா, இம்பிளான்ட் + 47க்கு கேப். 45ல பெரிய சொத்தையோ பெரிய ஃபில்லிங்கோ இருக்குன்னு எக்ஸ்ரேல தெரிஞ்சா யோசிக்கவே வேணாம், பிரிட்ஜ். 47 வேர் நுனில இன்ஃபெக்ஷன் இருந்தா அது சரியாகுற வரைக்கும் பிரிட்ஜ் பேச்சே எடுக்கக்கூடாது. இந்த ரெண்டு பல்லையும் பாக்க ஒரு சின்ன எக்ஸ்ரே போதும், அத எடுத்துட்டு வந்து சொல்லுங்க. மேல இருக்குற எதிர்ப்பல்லு கீழ எறங்கிருக்கான்னும் கேளுங்க, கடிக்க ஆளில்லாத பல்லு மெதுவா எறங்கும், ரொம்ப எறங்கிருச்சுன்னா புது பல்லு வைக்க உயரமே இருக்காது, அத தேய்ச்சோ வேற வழிலயோ சரி பண்ணிட்டுத்தான் கீழ கட்டணும். தள்ளி போட போட இது ரெண்டும் மோசமாகும், 47 சாயுறதும் மேல் பல்லு எறங்குறதும்.


கோவை பல் லேப் எழுதியது:

வணக்கமுங்க. நான் டாக்டர் இல்லீங்க, டென்டல் லேப்ல டெக்னீசியன். டாக்டர் அண்ணன் மேல தெளிவா சொல்லிட்டாருங்க, நான் மெட்டீரியல் பத்தி மட்டும் சொல்றனுங்க, ஏன்னா 13,500க்கும் 27,000க்கும் நடுவுல என்ன இருக்குன்னு யாரும் பேஷன்ட்டுக்கு வெளக்கறது இல்லீங்க.

மெட்டல் செராமிக்ங்கறது உள்ள உலோகம், மேல பல்லு கலர்ல செராமிக் பூசி சூளைல வேக வைக்கறது. உள்ள வர்ற உலோகம் நம்ம பக்கம் பெரும்பாலும் நிக்கல் குரோமியமுங்க. அம்மாவுக்கு கவரிங் கம்மல், வாட்ச் பக்கிள் பட்டா தோலு அரிச்சு செவக்குமான்னு கேளுங்க, அப்படி இருந்தா நிக்கல் ஒத்துக்காம போலாம், டாக்டர்கிட்ட மறக்காம சொல்லிருங்க, கோபால்ட் குரோமியத்துலயோ ஜிர்கோனியாவுலயோ பண்ணிக்கலாம். மெட்டல் செராமிக்ல அடிக்கடி வர்ற பிரச்சன மேல இருக்கற செராமிக் சில்லு சில்லா பேர்றது, எலும்பு கடிக்கறவங்க, ராத்திரி தூக்கத்துல பல்ல நறநறன்னு கடிக்கறவங்களுக்கு ரொம்ப வருமுங்க.

ஜிர்கோனியா வேற வித்தைங்க. வெள்ளையா சாக்பீஸ் மாதிரி ஒரு வட்டத் தகடு வரும், அதுல மெஷின் கம்ப்யூட்டர் டிசைன பாத்து பல்லு கடையும், ஆனா வேணுங்கற அளவவிட இருபது இருபத்தஞ்சு சதவீதம் பெருசா கடையோணும். ஏன்னா அப்பறம் சுமார் 1,500 டிகிரி சூளைல வேக வைக்கறப்போ அது சுருங்கி சரியான அளவுக்கு வந்து நிக்கும். கடைஞ்சப்போ நகம் பட்டாலே கீறல் விழற பொருளு, சூளைல இருந்து வெளிய வந்தா வைரப் பொடி வச்ச பர் (மெஷின்ல மாட்டி தேய்க்கற முனை) இல்லாம ஒண்ணும் பண்ண முடியாதுங்க. முழுசா ஒரே ஜிர்கோனியாவுல பண்ணா மேல பேர்றதுக்கு தனி செராமிக் கெடையாது, அதனால கடவாப்பல்லுக்கு அது நல்லா தாங்குதுங்க.

ஆனா எல்லாருக்கும் ஜிர்கோனியாதான்னு சொல்ல மாட்டனுங்க. பல்லும் பல்லும் சேர்ற கழுத்துப் பக்கம் ஜிர்கோனியாவுக்கு தடிமன் வேணும், கடவாப்பல்லுன்னா சுமார் 9 சதுர மில்லிமீட்டர். அம்மா பல்லு குட்டையா இருந்தா, இல்ல மேல் பல்லு எறங்கி எடம் கம்மியா இருந்தா அவ்வளவு உயரம் கெடைக்காது, அப்படி எடத்துல ஜிர்கோனியா கழுத்துலயே ஒடையும். மெட்டல் அங்க சன்னமா இருந்தாலும் தாங்கிக்கும். அந்த மாதிரி கேஸ்ல டாக்டர் மெட்டல் செராமிக் சொன்னா மட்டமான மெட்டீரியல்னு நெனச்சுக்காதீங்க, காரணம் இருக்குமுங்க.

இன்னொண்ணு, இத நான் ரொம்ப மனசு வந்து சொல்றனுங்க. எவ்வளவு வெல போட்டு பண்ணாலும் அளவு சரியா வரலீன்னா அந்த பிரிட்ஜ் நிக்காது. ராவுன பல்லு முடியற எல்லைக் கோடு எங்களுக்கு அச்சுல முழுசா தெரியோணும். ஈறு மேல படிஞ்சு அந்த கோடு மறைஞ்சு வந்துச்சுன்னா நாங்க குத்துமதிப்பாதான் கேப்ப முடிக்கோணும், அங்க முடி அளவு இடைவெளி விட்டாலும் சிமென்ட் கரைஞ்சு உள்ள சொத்தை பூந்துரும். நல்ல டாக்டருங்க அளவு எடுக்கறதுக்கு முன்னாடி ஈறுக்கும் பல்லுக்கும் நடுவுல சன்னமா ஒரு நூல் சொருகி ஈற விலக்கிட்டுத்தான் எடுப்பாங்க, இல்ல ஸ்கேனர்ல எடுத்து அங்கயே பெருசு பண்ணி பாப்பாங்க. அம்மாவுக்கு நூல் வைக்கறப்போ கொஞ்சம் இறுக்கமா இருக்கும், பொறுத்துக்கச் சொல்லுங்க. அளவு சரியில்லன்னு லேப்ல இருந்து திருப்பி அனுப்பி, டாக்டர் மறுபடியும் ஒருக்கா வாங்கன்னு கூப்பிட்டா கோவப்படாதீங்க, உங்க நல்லதுக்குத்தான் கூப்பிடறாருங்க.

ட்ரையல் பாக்கறப்போ கலர ட்யூப்லைட்ல பாக்காதீங்க, ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்துல கண்ணாடி வச்சு பாருங்க. நடு பல்லோட அடிப்பக்கம் குமிழா வழவழன்னு இருக்கோணும், ஈற கவ்விக்கிட்டு குழியா இருந்தா அதுக்கடில சோறு தங்கும், சுத்தம் பண்ண வழியே இருக்காது. ஒட்டறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்டயே கேட்டு கைல வாங்கி திருப்பி பாக்கலாமுங்க, தப்பில்ல.


தஞ்சாவூர் அக்கா எழுதியது:

தம்பி எனக்கு இதே எடத்துலதான் பிரிட்ஜ் இருக்கு, இடது பக்கம். இப்ப போட்டிருக்கறது ரெண்டாவது. மொதோ பிரிட்ஜ் ஒரு கிளினிக்ல போட்டது, பேர் வேண்டாம், ஒட்டி விட்டு எல்லாம் முடிஞ்சுதுன்னு அனுப்பிட்டாங்க, அடியில எப்படி சுத்தம் பண்ணணும்னு ஒரு வார்த்த சொல்லல. நான் ரெண்டு வேள ப்ரஷ் பண்ணிட்டுத்தான் இருந்தேன். சில வருஷம் போச்சு, ஒரு வித நாத்தம் வர ஆரம்பிச்சுது, எங்க வீட்டுக்காரர்ட்ட பேசவே சங்கடமா இருக்கும், வயித்துக் கோளாறுன்னு கஷாயமெல்லாம் குடிச்சேன். கடைசில பிரிட்ஜ கழட்டி பாத்தா பின்னாடி பல்லு உள்ள கருத்து பாதி கரைஞ்சு கெடந்துது. வலியே தெரியல ஏன்னா அது ரூட் கெனால் பண்ண பல்லு, உங்க அம்மாவுக்கும் 47 அதே மாதிரிதானே, அதான் இத எழுதணும்னு தோணிச்சு. நரம்பு இல்லாத பல்லு கேப்புக்கு அடியில சொத்தையானா கத்தாது, நாமதான் வருஷத்துக்கு ஒருதரம் எக்ஸ்ரே எடுத்து பாக்கணும்.

இப்ப போட்ட டாக்டரம்மா சூப்பர் ஃப்ளாஸ்னு பல்லிடுக்க சுத்தம் பண்ற நூல் ஒண்ணு வாங்க வச்சாங்க. சாதா ஃப்ளாஸ் மேல இருந்து எறங்காது, மூணு பல்லும் ஒட்டி இருக்கே. இது நுனி வெறப்பா குச்சியா இருக்கும், அத கன்னத்துப் பக்கமா நடு பல்லுக்கு அடியில விட்டு நாக்கு பக்கமா வெளிய இழுக்கணும். அப்புறம் புசுபுசுன்னு நடு பாகம் வரும், அத நடு பல்லோட அடிய தொடச்சாப்புல முன்னாடி பின்னாடி இழுத்து, அப்படியே ரெண்டு பக்கத்து பல்லு மேலயும் ஒரசி எடுக்கணும். மொத தடவ இழுத்துட்டு அந்த நூல மோந்து பாக்கச் சொன்னாங்க, சும்மா சொல்லல, அன்னிக்குத்தான் எனக்கு புரிஞ்சுது. ராத்திரி சாப்டப்புறம் ஒருதரம் போதும். மொதல்ல நுனி உள்ள போகாம கை தடுமாறும், கண்ணாடி முன்னாடி நின்னு பழகுனா ரெண்டு நிமிஷ வேல. அம்மாவுக்கு கை நடுங்குது, கண்ணு சரியா தெரியலன்னா இடுக்குல விடுற சின்ன பாட்டில் ப்ரஷ் சைஸ் பாத்து வாங்கிக் குடுங்க, இல்ல தண்ணி பீச்சுற மெஷின் கெடைக்குது, அதுவும் உதவும்.

சாப்பாடு பத்தி கேட்டா, நான் முறுக்கு சாப்பிடுறேன், தட்டை சாப்பிடுறேன், சீடைய மட்டும் ஒடச்சு போட்டுக்குவேன். பொங்கலுக்கு கரும்ப பல்லால உரிக்கிறது கிடையாது, துண்டு போட்டு மெல்லறதோட சரி. எலும்ப கடிச்சு ஒடைக்கிறத விட்டாச்சு. மத்தபடி அது கட்டுன பல்லுங்கற ஞாபகமே வராது. போட்ட புதுசுல ஒரு வாரம் உயரமா தெரியற மாதிரி இருந்துச்சுன்னா பழகிடும்னு பொறுத்துக்காம போய் தேய்ச்சு சரி பண்ணிட்டு வரச் சொல்லுங்க, அத விட்டா கீழ பல்லு வலிக்க ஆரம்பிச்சிரும்.

இன்னொரு விஷயம், செலவு இடிச்சுதுன்னா டென்டல் காலேஜ்ல பாருங்க. உங்களுக்கு மதுரைல சிஎஸ்ஐ பல் மருத்துவக் கல்லூரி இருக்கு, சென்னைக்கு கூட்டிட்டு வந்தா பார்க் டவுன் பக்கம் கவர்ன்மென்ட் டென்டல் காலேஜ் இருக்கு. படிக்கிற பசங்க பண்ணுவாங்க, பக்கத்துல சார் நின்னு ஒவ்வொரு ஸ்டெப்பும் பாத்து சரின்னு சொன்னாத்தான் அடுத்தது போவாங்க. நடை அதிகம், அவசரப்படுறவங்களுக்கு ஒத்து வராது.


தருமபுரி வாசகன் எழுதியது:

ராவாமலே பிரிட்ஜ் போட முடியும்னு யாரும் சொல்லலையேன்னு எழுதுறேன், நண்பரோட அம்மாவுக்கு இது உதவாதுன்னு தெரியும், ஆனா இந்த திரிய படிக்கிற வேற யாருக்காவது உதவும். எனக்கு பைக் ஆக்சிடென்ட்ல முன் பல்லு ஒண்ணு போச்சு, பக்கத்து பல்லெல்லாம் முழுசா இருக்கு. அதுக்கு மேரிலேண்ட் பிரிட்ஜ்னு ஒண்ணு பண்ணாங்க, அமெரிக்கால மேரிலேண்ட் யுனிவர்சிட்டில 80கள்ல கொண்டு வந்ததாம். பக்கத்து பல்லோட உள்பக்கம் நாக்கு படுற எடத்துல ஒரு சின்ன றெக்கைய பசை வச்சு ஒட்டிருவாங்க, அதுல பல்லு தொங்கும். பல்ல கிட்டத்தட்ட ராவவே மாட்டாங்க, அப்படியே பேந்து விழுந்தாலும் பல்லுக்கு சேதம் இல்ல, திரும்ப ஒட்டிக்கலாம். ஆனா பேந்து விழுறது மத்த பிரிட்ஜவிட அதிகம், கடவாப்பல்லு பாரத்துக்கு அத நம்பி போட மாட்டாங்க.

எங்க மாவட்டத்துக்காரங்களுக்கு ஒண்ணு சொல்லணும். ஒகேனக்கல் தண்ணி வர்றதுக்கு முன்னாடி போர் தண்ணி குடிச்சு வளந்தவங்க நாங்க, ஃப்ளோரைடால பல்லுல பழுப்பு கறை. அந்த மாதிரி எனாமல்ல ஆசிட் போட்டு ஒட்டுறப்போ பசை நல்லா பிடிக்காதாம், மேல் படலத்த லேசா தேய்ச்சு எடுத்துட்டு கூட கொஞ்ச நேரம் ஆசிட் வச்சுத்தான் ஒட்டுனாங்க. கலரும் அப்படித்தான், சுத்த வெள்ளையா பண்ணா அந்த ஒரு பல்லு மட்டும் தனியா தெரியும், அதனால லேப்காரர் பழுப்புக் கோடெல்லாம் போட்டு செஞ்சு குடுத்தார். வெளியூர்ல பண்ணிக்கிறவங்க ஊர் பேர சொல்லி இத மொதல்லயே டாக்டர்ட்ட பேசிருங்க.


அருப்புக்கோட்டை பையன் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு அக்கறையா எழுதுவீங்கன்னு நெனைக்கல. லீவு போட்டு ஊருக்கு வந்து எக்ஸ்ரே எடுத்தாச்சு. 47ல ரூட் கெனால் நல்லா இருக்கு, வேர்ல ஒண்ணும் இல்ல, சாய்வு கம்மிதான் சமாளிக்கலாம்னு சொன்னாங்க. ஆனா 45ல, வெளிய ஒண்ணுமே தெரியல, எக்ஸ்ரேல 46 இருந்த பக்கமா உள்ளுக்குள்ள சொத்தை இருக்காம், நரம்புக்கு பக்கத்துல வரைக்கும் போகல, ஆனா சின்னதும் இல்லங்கறாங்க. மேல் பல்லு ஒரு மில்லிமீட்டர் எறங்கிருக்கு. அம்மாவுக்கு கவரிங் போட்டா காது புண்ணாகும், தங்கம் மட்டும்தான் போடுவாங்க, லேப் அண்ணன் சொன்னத படிச்சதும் அதான் ஞாபகம் வந்துச்சு.

டாக்டர் சார், இப்ப ரெண்டு கேள்வி. 45 ராவாம 47ல மட்டும் மாட்டி 46 பல்ல தொங்க விட முடியுமா? இன்னொண்ணு, எலும்புல ஸ்க்ரூ வைக்கிறதுன்னாலே அம்மா பயப்படுறாங்க, இத எத்தன வருஷமா மனுஷனுக்கு பண்றாங்கன்னு கேக்குறாங்க.


கட்டுப்பல் டாக்டர் எழுதியது:

தம்பி, ஒரு பக்கம் மட்டும் மாட்டுறது வேணாம். மேல முன் பக்கம் சின்ன பல்லு போனா கோரைப்பல்லுல மாட்டி அப்படி பண்றது உண்டு, அங்க கடி பாரம் கம்மி. உங்க அம்மாவுக்கு அது முதல் கடவாப்பல்லு, வாயிலயே அதிகமா கடி விழுற எடம், தாங்க போறது ரூட் கெனால் பண்ண, ஏற்கனவே அந்தப் பக்கமாவே சாஞ்ச பல்லு. ஒவ்வொரு கடிக்கும் அத மேல மேல முன்னாடி சாய்க்கும், இல்ல வேர் பொளந்துரும்.

இம்பிளான்ட் புதுசு இல்ல. ஸ்வீடன்ல பிரேன்மார்க்னு ஒரு டாக்டர் டைட்டானியம் எலும்போட ஒட்டி வளருதுன்னு கண்டுபிடிச்சு 1965ல மொதோ ஆளுக்கு வச்சார், அந்த ஆள் 2006ல இறக்குற வரைக்கும் அது அவர் வாயில இருந்துச்சு. அம்மாவுக்கு சொல்லுங்க, பயம் போகும். சுகர் 7.4க்கும் கொஞ்சம் கொறச்சுட்டு போட்டுக்கலாம், தடை இல்ல. எலும்பு தேய்மானத்துக்குன்னு வாரம் ஒரு மாத்திரையோ வருஷம் ஒரு ஊசியோ எப்பவாவது போட்டிருந்தா மட்டும் மொதல்லயே சொல்லணும், அந்த மருந்து எடுத்தவங்களுக்கு தாடை எலும்பு ஆறாம போற ஆபத்து இருக்கு. பல்லு எடுத்து ஒரு வருஷம் ஆச்சு, மொதல் வருஷத்துலயே எலும்போட அகலம் பாதி வரைக்கும் கொறைய வாய்ப்பு உண்டு, அதனால சிபிசிடிங்கற 3டி ஸ்கேன் எடுத்து அகலமும், கீழ ஓடுற நரம்புக்கு மேல எவ்வளவு உயரம் இருக்குன்னும் அளந்துட்டுத்தான் சரி வரும் வராதுன்னு யாரும் சொல்ல முடியும்.

ஆனா 45ல சொத்தை இருக்குன்னு தெரிஞ்சதுக்கப்புறம் என் பதில் மாறுது. நான் இம்பிளான்ட் சொன்னதே அந்த பல்ல காப்பாத்தத்தான். இப்ப எப்படியும் அத தோண்டி அடைக்கணும், 47க்கு எப்படியும் கேப் வேணும், அம்மாவுக்கு ஆபரேஷன்னா பயம். மூணும் சேந்து பிரிட்ஜ் பக்கம்தான் நிக்குது. சொத்தைய சுத்தமா எடுத்து அடைச்சுட்டு ரெண்டு மூணு வாரம் விட்டு பாக்கச் சொல்லுங்க, கூச்சம் வலி எதுவும் இல்லன்னா மட்டும் ராவணும், நரம்பு சந்தேகமா இருந்தா பிரிட்ஜ் ஒட்டுறதுக்கு முன்னாடியே ரூட் கெனால் பண்ணிடுறது நல்லது. மேல் பல்ல ஒரு மில்லிமீட்டர் தேய்ச்சா போதும், எனாமலுக்குள்ளயே முடிஞ்சுரும். கவரிங் ஒத்துக்கலங்கறீங்க, அதனால நிக்கல் வேணாம், உயரம் இருந்தா முழு ஜிர்கோனியா, இல்லன்னா கோபால்ட் குரோமியம் வச்ச மெட்டல் செராமிக், இத சீட்டுல எழுதி லேபுக்கு அனுப்பச் சொல்லுங்க. மொதல்ல தற்காலிக சிமென்ட்ல ஒட்டி ஒரு வாரம் சாப்பிட்டு பாத்துட்டு, கடி சரியா இருக்குன்னு அம்மாவே சொன்னப்புறம் நிரந்தரமா ஒட்டிக்கலாம். பல்லு ராவுன அன்னைக்கே டெம்பரரி கேப் போட்டுத்தான் அனுப்பணும், லேப்ல இருந்து வர்ற வரைக்கும் 45 தெறந்து கெடந்தா தண்ணி குடிக்கவே முடியாது, நரம்புக்கும் கெடுதல்.


தஞ்சாவூர் அக்கா எழுதியது:

டெம்பரரி கேப் இருக்குறப்போ அந்தப் பக்கம் அல்வா, பலாப்பழம், சூயிங்கம் எதுவும் வேணாம் தம்பி, பிடிச்சு இழுத்துரும். அப்படி கழண்டு வந்தா தூக்கி போடாம ஒரு டப்பால போட்டு எடுத்துட்டு அன்னைக்கே டாக்டர்ட்ட போகச் சொல்லுங்க, ரெண்டு மூணு நாள் விட்டா பல்லு நகர்ந்து புது பிரிட்ஜ் உக்காராம போயிடும்.